திண்ணைக்கு என்ன நம்பர்?

திருநெல்வேலி மாநகராட்சி மாமன்றத்தாருக்கு,

வணக்கம். ஜங்ஷனில் ராத்திரி ஆட்டோ ஓட்டுகிறவன் எழுதுகிறேன். மூடின கடைத் திண்ணைகளில் படுத்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேரை எனக்கு முகம் தெரியும்.

இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சியாகிவிடுகிறது. பாயும் பொட்டலமும் கொடுத்தால் திண்ணையே பழகிப்போகும், வீடு கொடுங்கள் என்பார் ஒருவர். வீடு வரும்போது வரட்டும், கார்த்திகை மழைக்கு என்ன வழி என்பார் அடுத்தவர். நான் மழைக் கட்சி. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறி வந்து ஜங்ஷன் முங்கியபோது வீடுள்ளவர்கள் மாடிக்குப் போனோம். திண்ணைக்கு மாடி ஏது?

ஆனால் பாயோடு நின்றுவிடக் கூடாது என்று எனக்குக் காட்டியது ஓர் ஆச்சி. கோடையில் நுங்கு, தையில் பனங்கிழங்கு விற்பார். ரேஷன் கார்டுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை கூட்டிப்போனேன். மூன்று தடவையும் இருப்பிடச் சான்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். "விலாசம் கேக்காவ யய்யா, திண்ணைக்கு என்ன நம்பரு?" என்றார் ஆச்சி. சொந்தமாக வீடு கட்ட உதவி வேண்டுமென்றால் பட்டா. அரசின் நகர்ப்புற வாழ்விட வாரியம் கட்டித்தரும் குடியிருப்பு என்றால் ஆதார், நாம் கட்டவேண்டிய பங்குத்தொகை. எந்த வாசலிலும் அதே கேள்விதான்.

வீடற்றவர்கள் ராத்திரி படுக்க, அங்கீகாரம் பெற்ற தங்குமிடங்கள் உண்டு. அதன் பொறுப்பாளர் தரும் போட்டோ ஒட்டிய சான்றை ஆதாருக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படியானால் பாய் விரிக்கிற இடமே விலாசம். வீட்டுக்கான முதல் காகிதம் அங்கேதான் பிறக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இரண்டு கட்சிச் சண்டை எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் நம் மாநகரத்தில் 4.73 லட்சம் பேர். இருப்பதையும் சேர்த்து ஐந்து தங்குமிடமாவது வேண்டாமா? ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில் ஒன்றாவது இருக்கட்டும். வாரம் ஒருநாள் ஓர் எழுத்தர் அங்கேயே வந்து உட்கார்ந்து மனு எழுதட்டும்.

பிறகு வீடு. அதையும் தள்ளிக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். ஊருக்கு வெளியே பத்து மைலில் கொடுத்தால், ஆச்சி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி ஜங்ஷன் திண்ணைக்கே வந்து படுப்பார். வியாபாரம் இங்கேதானே?

ஐப்பசி அடைமழைக்கு முன் கதவைத் திறந்தால் சொல்லுங்கள். ஆச்சியை நானே கூட்டி வருகிறேன். வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
ஜங்ஷன் ஆட்டோக்காரன்