பொருள்: கொரோலா 121க்கு "புதுசு"ன்னு நீங்க வித்த ஏசி கம்பிரசர்

மெனேஜர் ஐயாவுக்கு,

பஞ்சிகாவத்தையில இருக்கிற உங்க கடையில ஏசி கம்பிரசர் வாங்கின தலவாக்கலை ஆள் எழுதுறேன். பில்லுல "பிரேண்ட் நியூ"ன்னு எழுதி சீல் அடிச்சு 78,000 ரூபா எடுத்திருக்கீங்க, ஆறு மாசம் வாரன்டி. அதுல பாதி நாள் கூட அந்த சாமான் ஓடல. போன் எடுத்தா கவுண்டர்ல இருக்கிற தம்பி ஒண்ணு சொல்றாரு, உங்க டெக்னீஷியன் வேற ஒண்ணு சொல்றாரு, கடைசியில ரெண்டு பேரும் சேந்து அதப் பூட்டின எங்க ஹட்டன் ஏசி மெக்கானிக் பாஸ் மேல பழியத் தூக்கிப் போட்டுட்டு போன வச்சிட்டாங்க. அதனாலதான் ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புறேன், வரலன்னு சொல்ல முடியாது பாருங்க.

வண்டி 2003 மொடல். அதுல ஜப்பான்ல இருந்தே வந்த டென்சோ கம்பிரசர் இருவது வருசத்துக்கு மேல ஓடிச்சு, அதக் குறை சொல்ல மாட்டேன். ஷாஃப்ட் சீல் கசிஞ்சு கேஸ் நிக்காமப் போச்சு, அப்புறம் கிளட்ச் பேரிங்கும் கத்த ஆரம்பிச்சது. இந்த இன்ஜின்ல ஒரே பெல்ட்டுதான் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி மூணையும் இழுக்குது, பேரிங் இறுகி ரம்பொடை ஏத்தத்துல பெல்ட் அறுந்தா சார்ஜும் இல்ல தண்ணியும் சுத்தாது, இன்ஜின் கொதிச்சு அங்கயே நிக்க வேண்டியதுதான். அதனாலதான் தள்ளிப் போடாம மாத்தினேன். வண்டிய வித்துட்டு வேற வாங்குங்கன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடுறேன், 2020 மார்ச்ல வண்டி இறக்குமதிய நிப்பாட்டினப்ப ஏறின விலை, 2025ல திறந்து விட்டும் ஹயர் ஓடுற எங்க கைக்கு எட்டல.

உங்க கடையில ரெண்டு விலை சொன்னீங்க, ரீகண்டிஷன், அதாவது பழசத் திருத்தினது ஒரு விலை, புதுசு கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு. ரீகண்டிஷன் வேணாம்னு நான்தான் புதுசக் கேட்டு வாங்கினேன். அப்ப அந்தத் தம்பி சிரிச்சிக்கிட்டே "நுவரெலியா பக்கம் ஏசி எதுக்கு அண்ணே, கண்ணாடிய எறக்கினா போதாதா"ன்னு கேட்டாரு. அவருக்கு இதயும் வாசிச்சுக் காட்டுங்க. மே மாசம் மழை தொடங்கினா கினிகத்தேனைல இருந்து மேல வர்ற வரைக்கும் மழையும் மிஸ்ட்டும்தான், வண்டிக்குள்ள அஞ்சு பேர் மூச்சு விட்டா முன் கண்ணாடி வெள்ளையா மூடிக்கும், எதிர்ல பஸ் வருதா லொறி வருதான்னு தெரியாது. ஏசி போட்டா உள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரம் கூலர்ல தண்ணியா வடிஞ்சு வெளிய போயிடும், காஞ்ச காத்து பட்டு கண்ணாடி சட்டுன்னு தெளியும், ஹீட்டர் கூட சேத்துப் போட்டா இன்னும் சீக்கிரம். குளுருக்கு ஏசி எதுக்குன்னு கேக்கிறவர் ஒரு தடவ ராத்திரி மழையில நானுஓயா பக்கம் வண்டி ஓட்டிப் பாக்கணும்.

சரி, பூட்டின கதைக்கு வர்றேன், ஏன்னா உங்க டெக்னீஷியன் சொல்றது பூராவும் அதுலதான் நிக்குது.

பெட்டியப் பிரிச்ச ஒடனயே பாஸுக்கு சந்தேகம். புது கம்பிரசர்னா ரெண்டு வாயும் மூடி, உள்ள நைட்ரஜன் அடைச்சு வரும், மூடியத் தளத்தும்போது புஸ்ஸுன்னு சத்தம் கேக்கணும். ஒண்ணும் கேக்கல. அவர் வேலைய அப்படியே நிப்பாட்டிட்டு என்னைய உங்க கடைக்குக் கேக்கச் சொன்னாரு. கேட்டேன். "செக் பண்றதுக்கு நாங்கதான் தொறந்தோம், சாமான் புதுசுதான், தைரியமா பூட்டுங்க"ன்னு வாட்ஸ்அப்ல வொய்ஸ் போட்டாரு உங்க தம்பி. அந்த வொய்ஸ் இன்னும் என் போன்ல இருக்கு. உங்க வார்த்தைய நம்பித்தான் பூட்டினோம்.

அதுக்கப்புறம் மாசம் போகல, வண்டி நின்ன எடத்துல இன்ஜின் ஓடும்போது கடகடன்னு சத்தம், கூலிங் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. குவைத்தில இருந்து வந்த ஒரு அக்காவையும் குடும்பத்தையும் கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல ஏத்திக்கிட்டு வர்றேன், யட்டியந்தோட்டை தாண்ட ஏசி சுத்தமா சுடுகாத்து. வெளிய அடமழை, கண்ணாடிய எறக்கவும் முடியல, கினிகத்தேனை வளைவுல புழுக்கம் தாங்காம சின்னப்புள்ள ரெண்டும் வாந்தி. அந்தக் குடும்பம் இனி என்னையக் கூப்பிடாது, அந்த நட்டத்த நான் கணக்குல சேக்கல.

இப்ப உங்க டெக்னீஷியன் சொல்ற காரணங்களுக்கு வருவோம்.

மலை மேல குளுருல கேஸ் பிரஷர் பாக்கிற கேஜ் வச்சா ரீடிங் அப்படித்தான் காட்டும், கம்பிரசர் நல்லாத்தான் இருக்குன்னு மொதல்ல சொன்னாரு. ஐயா, அந்தக் கேஜ் வச்சது ஹட்டன்ல இல்ல, அவிசாவளைல ஒரு கராஜ்ல, மத்தியான வெயில்ல. கம்பிரசருக்கு உள்ள வர்ற லோ சைட் 80 psiக்கு ஏறி நிக்குது, வெளிய தள்ளுற ஹை சைட் 120 கூட தாண்டல. அந்த வெயிலுக்கு ஹை சைட் 200க்கு மேல போயிருக்கணும், லோ 40க்குள்ள இருந்திருக்கணும். ரெண்டும் இப்படிக் கிட்ட கிட்ட வந்து நிண்டா கம்பிரசர் தள்ளலன்னு அர்த்தம், இது நான் உங்களுக்குச் சொல்லித் தர்ற விசயமில்ல.

அடுத்து, நாங்க அனுப்பின போட்டோவப் பாத்துட்டு கேஸ் போட முந்தி பைப்புல உள்ள காத்த உறிஞ்சி எடுக்கிற வெக்கியூம் 29 இஞ்சு வரல, 26 கூட வரல, உங்க பாஸுக்கு வேலை தெரியாதுன்னாரு. இதுதான் எனக்கு ஆக வயிறெரிஞ்ச எடம். 29 கொழும்புல வரும், கடல் மட்டத்துல இருக்கீங்க. ஆயிரம் அடி மேல ஏறினா கேஜ்ல கிட்டத்தட்ட ஒரு இஞ்சு கொறையும், ஹட்டன் 4,000 அடிக்கு மேல. அங்க எவ்வளவு நல்ல பம்ப் வச்சாலும் 25, 26க்குள்ளதான் நிக்கும், காத்தே அவ்வளவுதான் இருக்கு. பாஸ் ஒரு மணித்தியாலத்துக்கு மேல பம்ப்ப ஓட விட்டு, நிப்பாட்டி, எங்கயாவது கசிஞ்சு முள்ளு எறங்குதான்னு பாத்துட்டுத்தான் 134ஏ கேஸ் போட்டாரு, அதுவும் கண்ணளவுல இல்ல, பொனட் ஸ்டிக்கர்ல உள்ள கிராம் கணக்குக்கு தராசுல வச்சு. மலைநாட்டுல வேலை செய்றவன்னா கொறச்சு மதிக்கிறது உங்களுக்குப் பழக்கம் போல.

மூணாவதா, பழைய சிஸ்டத்துல இருந்த இரும்புத் தூள்தான் புது கம்பிரசரத் தின்னுச்சுன்னு ஒரு கதை. பழசுல வடிச்ச ஒயில் சுத்தமா இருந்துச்சு, இருந்தும் கண்டென்சர், ட்ரையர், எக்ஸ்பென்ஷன் வால்வ் எல்லாம் புதுசு போட்டோம், பைப் ப்ளஷ் பண்ணினோம், ஓ ரிங் எல்லாம் மாத்தினோம், பில் இணைச்சிருக்கேன். இப்ப கழட்டினப்ப கம்பிரசர்ல இருந்து கண்டென்சருக்குப் போற பைப்புல வெள்ளிப் பூச்சு மாதிரி தூள், கம்பிரசருக்கு உள்ள வர்ற பைப்பு துடைச்ச மாதிரி சுத்தம். தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல தெளிவா இருந்து கீழ கலங்கிக் கெடந்தா எங்க கலக்கினாங்கன்னு தோட்டத்துல சின்னப்புள்ளைக்கும் தெரியும். போட்டோவுல ரெண்டு பைப்பும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்திருக்கு.

அதோட போல்ட் போடுற காதுல கறுப்பு பெயின்ட் உரிஞ்சு வந்திருக்கு, அடியில பழைய போல்ட் தேஞ்ச தழும்பு. கிளட்ச் தகடு ஓரத்துல சூடு பட்ட நீல நெறம், அதுக்கு மேலயும் அதே பெயின்ட். மூணு மாசமாகாத சாமானுக்கு இது எப்படி வரும்? பழசக் கழுவி பெயின்ட் அடிச்சு புது விலைக்குக் குடுத்திருக்கீங்கன்னு நான் சொல்றேன், இல்லன்னா எந்த இறக்குமதி பில்லுல வந்துச்சுன்னு நீங்க காட்டுங்க. ரீகண்டிஷன்னு சொல்லியே வித்திருந்தா இவ்வளவு கோவம் வந்திருக்காது, அந்த விலையக் குடுத்து உங்ககூட வம்புக்கு வராம இருந்திருப்பேன்.

எனக்கு வேண்டியது 78,000 ரூபாவும், ரெண்டாவது தடவ கேஸுக்கும் ஒயிலுக்கும் கழட்டிப் பூட்டுற கூலிக்கும் ஆகுற செலவும். தூள் போன கண்டென்சரையும் இனி கழுவி எடுக்க முடியாது, அந்த மெல்லிசுக் கொழாய்க்குள்ள ப்ளஷ் சரியாப் போகாது, அதுவும் உங்க கணக்குதான். மாத்தி வேற கம்பிரசர் தர்றோம்னு சொன்னா, மூடி சீல் உடையாம, இறக்குமதி பேப்பரோட வரணும், பாஸ் முன்னாடிதான் தொறப்போம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துல 13ஆம் பிரிவு, வாரன்டிக்கு ஒத்து வராத சாமான் வித்தா அந்த சபை முறைப்பாடு எடுக்கலாம், விசாரிச்சு நட்டஈடு, மாத்திக் குடுக்கிறது, காசத் திருப்பிக் குடுக்கிறது எதையும் கட்டளையிடலாம்னு சொல்லுது. வித்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள முறைப்பாட்ட எழுத்துல குடுக்கணும், எனக்கு இன்னும் நாள் இருக்கு, கடிதமும் ரெடி. தபால் கெடச்சு ரெண்டு கிழமைக்குள்ள பதில் வரலன்னா அத அனுப்பிடுவேன்.

கம்பிரசர் ஹட்டன் கராஜ்ல வடிச்ச ஒயிலோட பையில கட்டி வச்சிருக்கு. உங்க டெக்னீஷியனே நேர்ல வந்து பாக்கட்டும், வர்றப்ப அவரோட கேஜையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. போன் பண்றதுன்னா சாயங்காலம் ஆறுக்கு மேல பண்ணுங்க, பகல்ல ஹயர்ல இருப்பேன், பாதி எடத்துல சிக்னல் இல்ல.

இப்படிக்கு,
கொரோலா 121 சொந்தக்காரன்,
தலவாக்கலை

இணைப்பு: உங்க பில், வாரன்டி கார்ட், ஹட்டன் கராஜ் பில், அவிசாவளைல எடுத்த கேஜ் போட்டோ, பைப் போட்டோ. வொய்ஸ் மெசேஜ் உங்க வாட்ஸ்அப் நம்பருக்கே திருப்பி அனுப்பியிருக்கேன்.