தெப்பக்குளம் வரைக்கும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஸ்கூட்டரை விற்றுவிட்டேன் என்று சொன்னபோது "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். அதிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து நடக்கிறேன். இத்தனை வருடமும் பின்னிருக்கையில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போன ஊர் என்பதால், தெற்கு மாசி வீதியிலிருந்து விளக்குத்தூண் வரை நடந்த முதல் நாள், அயலூரில் வழி தேடுவது போலவே இருந்தது.

அந்தத் தூண் 1840களில் கோட்டையை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்தது என்றும், அவரிடம் வேலை பார்த்த பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும்தான் இன்று வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள் என்றும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து சொன்னாய். நான் அடுப்பைப் பார்த்தபடி "ம்" கொட்டினேன். பத்துத்தூண் சந்தில் ஜவுளிக்கடைகள் திறக்கும் முன் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான், திருமலை நாயக்கர் அரண்மனை இவ்வளவு தூரம் பரந்திருந்தது என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. நீ கெட்டிக்காரி; அதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. போன முறை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. மாப்பிள்ளையையும் விசாரித்ததாகச் சொல்; பொங்கலுக்குப் பிறகு அவர் குரலே கேட்கவில்லை, வேலை அதிகமாக இருக்கும். நீயாவது வாரம் ஒருமுறை கூப்பிடலாம், அதற்குக்கூட நேரமில்லையா? இரவில் சோறு வடிக்க அலுப்பாக இருந்தால் இரண்டு தோசையாவது சாப்பிடு.

போன சித்திரைத் திருவிழாவுக்கு நீ மட்டும் வந்திருந்தாய். புறப்படுவதற்கு முந்தைய நாள், "தெப்பக்குளம் வரைக்கும் நடந்துவிட்டு வரலாமா அம்மா?" என்று இரண்டு முறை கேட்டாய். கால் வலிக்கிறது என்றேன். எனக்குக் கால் வலி இல்லை. நடந்தால் நீ எதையோ சொல்லிவிடுவாய், கேட்டுவிட்டால் பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் நான் என்ன பதில் சொல்வேன் என்றுதான் பயந்தேன். பெற்றவள் அப்படிப் பயந்திருக்கக் கூடாது.

நேற்று அந்தக் குளத்தின் நான்கு கரைகளையும் தனியாகச் சுற்றி வந்தேன். மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்பார்களே, அதில் இப்போது தண்ணீர் நிறைந்திருக்கிறது. கீழ்க்கரையில் உட்கார நல்ல நிழல் இருக்கிறது. யாரோடு வந்தாலும், தனியாக வந்தாலும், ஒரு வாரம் இருப்பதுபோல் வா. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா