பத்து ரூபாய் நாணயம் செல்லும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரணிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற பேச்சு எங்கள் பக்கம் இன்னும் ஓயவில்லை. போன வாரம் கீரை விற்கும் ஆயா ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து நான்கு நாணயங்களைக் கல்லாமேல் வைத்தார். டீக்கடையிலும் வாங்கவில்லை, பஸ்ஸிலும் வாங்கவில்லையாம். "நீயாவது எடுத்துக்கோ கண்ணு, முப்பது ரூபா குடுத்தா போதும்" என்றார். வெயிலில் உட்கார்ந்து விற்ற காசு. கேட்கவே வயிறு எரிந்தது.

நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரண்டில் 10 கோடுகள், ரூபாய்க் குறியீடும் உண்டு. மற்ற இரண்டில் 15 கோடுகள், குறியீடு இல்லை. இந்தப் பதினைந்து கோட்டுக் காசைத்தான் கள்ளக்காசு என்கிறார்கள். ஆனால் அதிலேயே 2010 என்று ஆண்டு அடித்திருக்கிறது. ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றதே 2010இல்தான். நாணயத்தில் அது வந்தது 2011இல். அதற்கு முன் அடித்த காசில் குறியீடு எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கியும் 2018 ஜனவரியிலேயே 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் எல்லாமே செல்லும் என்று அறிவித்துவிட்டது.

சரி, பிறகு ஏன் வாங்க மறுக்கிறார்கள் என்று பக்கத்துக் கடைகளில் கேட்டேன். பேங்க்கில் திருப்பிக் கொடுத்தார்களா என்றால், அப்படி யாருக்கும் நடக்கவில்லை. செல்லாது என்று உறுதியாக நம்புகிறவரும் அதிகம் இல்லை. "நான் வாங்கிக்குவேன் அண்ணே, என்கிட்ட அடுத்தவன் வாங்க மாட்டானே" என்பதுதான் எல்லோர் பதிலும். அந்த அடுத்தவரைப் போய்க் கேட்டால் அவரும் இதையேதான் சொல்கிறார்! நம்பாத ஒரு பேச்சுக்கு ஊரே கட்டுப்பட்டு நடக்கிறது. நஷ்டம் அந்த ஆயாவுக்கு. வாட்ஸ்அப்பில் வரும் மற்ற பொய்களாவது நம்புகிறவரோடு போகும். இது நம்பாதவர் கையிலிருக்கும் காசையும் முடக்குகிறது.

ஆயாவுக்கு நாற்பது ரூபாயும் கொடுத்தேன். அந்த நாணயங்களோடு கல்லாவில் சேர்ந்திருந்ததையும் பையில் கட்டி மறுநாள் வங்கிக்கு எடுத்துப் போனேன். கேஷியர் எண்ணினார், சீட்டில் முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எந்தக் காசையும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்க மறுக்கும் கடைக்காரர்கள் ஒரே ஒரு தடவை இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
ஆரணி வட்டம்