ஃபோல்டிட்டை மூட்டைகட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றிய தங்கள் கட்டுரை, 'ஃபோல்டிட்' கணினி விளையாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. அந்த வரியை ஏற்க முடியவில்லை. புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகும் அந்த விளையாட்டுக்கு வேலை இருக்கிறது. நம் உயிரியல் வகுப்புகளுக்கு அது கட்டாயம் வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வுக் குழுவும் கணினி விளையாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2008-ல் இதை வெளியிட்டார்கள். (2024-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அதே பேக்கர்தான்.) திரையில் ஒரு புரதம், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி, தாறுமாறாக மடிந்து நிற்கும். அதைச் சரியாக மடிப்பது நம் வேலை. ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும்) நொதியின் வடிவம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. எக்ஸ்கதிர்த் தரவு கையில் இருந்தும், அதற்குப் பொருந்தும் தொடக்க மாதிரி கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் அதைக் கொடுத்தார்கள். 2011-ல் வந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஆட்டக்காரர் குழுக்களின் பெயரும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு, செயற்கையாக வடிவமைத்த ஒரு நொதியில் 13 அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் செருகி, அதன் செயல்திறனை 18 மடங்குக்கு மேல் உயர்த்தினார்கள்.

தோல்வியும் பாடமாயிற்று. இயற்கையில் இல்லாத புதிய புரதத்தை வடிவமைக்கச் சொன்னபோது, ஆட்டக்காரர்கள் முதலில் நீண்ட ஒற்றைச் சுருள்களைக் கட்டிக் குவித்தார்கள். ஹைட்ரஜன் பிணைப்பு அதிகம் என்பதால் மதிப்பெண் கொட்டியது. ஆனால் நீரை வெறுக்கும் பகுதிகள் ஒளிந்துகொள்ள உள்மையம் இல்லாத அப்படிப்பட்ட புரதம் சோதனைக்குழாயில் தேறாது. ஆய்வாளர்கள் மதிப்பெண் விதிகளைத் திருத்தினார்கள். 2019-ல் வெளியான முடிவின்படி, ஆய்வகத்தில் சோதித்த 146 வடிவமைப்புகளில் 56 நிலையாக மடிந்தன. கணக்கின் ஓட்டை எங்கே என்பதை மனிதக் கைகள்தான் காட்டிக்கொடுத்தன.

புதிதாக ஆடுபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எடுத்த எடுப்பிலேயே, சங்கிலியைத் தானாக நெளியவைத்துச் சரிசெய்யும் 'விகிள்' பொத்தானை அழுத்திவிடுவார்கள். அணுக்கள் ஒன்றையொன்று முழு வலுவோடு தள்ளுவதால், சங்கிலி கொஞ்சம் நெளிந்து அப்படியே சிக்கிக்கொள்ளும். மதிப்பெண்ணும் அதற்குமேல் ஏறாது. முதலில் மோதலின் கடுமையைக் குறிக்கும் 'கிளாஷிங் இம்பார்ட்டன்ஸ்' அளவைக் கிட்டத்தட்ட 0.1-க்கு இறக்க வேண்டும். 'ஷேக்' கொடுத்து, அமினோ அமிலங்களிலிருந்து கிளைத்து நிற்கும் பக்கச் சங்கிலிகளைத் திருப்பிவிட்டு, சில நொடிகள் மட்டும் 'விகிள்' ஓட்ட வேண்டும். பிறகு அளவைப் படிப்படியாக 1-க்கு ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டும். ஆரஞ்சு நிறப் பக்கச் சங்கிலிகள் நீரை வெறுப்பவை. அவை உள்ளே போக வேண்டும். நீல நிறத்தவை வெளியே இருக்கலாம். விலகி நிற்கும் இரு பகுதிகளை ரப்பர் பேண்ட் போட்டு இழுக்கலாம். அதற்கு அதிக வலு கொடுத்தால் நன்றாக அமைந்த சுருளும் நசுங்கிவிடும். அந்தச் சுருளை முன்கூட்டியே 'ஃப்ரீஸ்' செய்து அசையாமல் நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த விளையாட்டில் 'ராமா மேப்' என்றொரு கருவி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்ட வரைபடமேதான் அது. சங்கிலி எந்தெந்த இரு முறுக்குக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை அது காட்டும். நம் மாணவர்கள் அதைத் தேர்வுக்கு வரைந்து, 'அனுமதிக்கப்பட்ட பகுதி' என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். விளையாட்டில் ஒவ்வொரு அமினோ அமிலமும் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளியை நகர்த்தினால் சங்கிலி கண்ணெதிரே முறுக்கிக்கொள்ளும். ஆல்ஃபா சுருளுக்கான இடம் ஏறத்தாழ மைனஸ் 60, மைனஸ் 45 பாகை. பக்கச் சங்கிலி இல்லாத கிளைசின் ஏன் மற்றவை போக முடியாத இடத்துக்கும் போகிறது, வளையத்தில் மாட்டிய புரோலின் ஏன் நகர மறுக்கிறது என்பதெல்லாம் பத்தே நிமிடத்தில் பிடிபடும். நடுவில் உள்ள ஒரு புள்ளியை இழுத்தால் சங்கிலியின் மறுபாதி மொத்தமும் சுழன்றடிக்கும். அதைத் தடுக்க, அந்தப் பகுதியின் இரு பக்கமும் சங்கிலியை வெட்டிவிட்டு, திருத்தம் முடிந்ததும் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆல்ஃபாஃபோல்டு இந்த விளையாட்டை விரட்டவில்லை, அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஆட்டக்காரர் தன் வடிவமைப்பை அதற்கு அனுப்பினால், அமினோ அமில வரிசையை வைத்து அது தனியாக ஒரு வடிவத்தைக் கணிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எந்த வளைவில் பிழை என்று தேடித் திருத்த வேண்டியது ஆட்டக்காரர்தான்.

விளையாட்டு இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இளநிலை உயிர்வேதியியல் செய்முறைத் தேர்வில் ராமச்சந்திரன் வரைபடத்தை வரையச் சொல்வதோடு நிறுத்தாமல், தொடக்கநிலைப் புதிர்களையும் ஆட வைக்கலாம். பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் இதைக் கவனிக்கும்படி தங்கள் கல்விப் பக்கத்தில் எழுத வேண்டுகிறேன்.

- உயிர்வேதியியல் விரிவுரையாளர், திருச்சி