இளைத்துப்போன மரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நேரமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நேரம் இருந்தது, கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். உன்மேல் கோபம் இல்லை. நீ எழுதிய அதே வாரம் எனக்கும் ஒரு ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. வெப்பமண்டலக் காட்டு நாற்றுகள் பற்றியது. கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் கைக்குக்கூடப் போகவில்லை, ஆறே நாளில் திருப்பிவிட்டார்கள். காரணம் ஒரு வரி: வட்டார அளவில் மட்டுமே ஆர்வம் தரக்கூடியதாம். இதே வேலையை ஐரோப்பாவில் ஏதாவது ஒரு ஓக் காட்டில் செய்திருந்தால் தலைப்பில் இடத்தின் பெயரே தேவைப்பட்டிருக்காது, ‘காடுகளில் நாற்றுகளின் பிழைப்பு’ என்று உலகத்துக்கே பொதுவாக வைத்துவிட்டுப் போயிருக்கலாம். உலகத்து மர இனங்களில் பெரும்பகுதி இருக்கிற இடம்தான் ‘வட்டாரம்’. சரி, புலம்பல் போதும்.

உன் மாணவி விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருடமாக மாதாமாதம் எடுத்த பூ, காய், தளிர்க் கணக்கு. பாதி நீ எடுத்தது, மீதி அவள் எடுத்தது. அதை நான்காக நறுக்கி இரண்டு வருடத்துக்குள் ‘நல்ல நம்பர்’ உள்ள இதழ்களில் போடச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். நேராகச் சொல்லிவிடுகிறேன்: நறுக்காதே. ஆனால் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கவும் சொல்லமாட்டேன்.

கபோன் நாட்டு லோப்பே தேசியப் பூங்காவில் நடந்ததை நினைத்துப் பார். 1986-லிருந்து அங்கே மாதந்தோறும் யாராவது ஒருவர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு போய், எண் போட்ட மரங்களின் அடியில் நின்று, கழுத்து வலிக்க மேலே பார்த்து, பூ உண்டா, பழம் உண்டா என்று குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆட்கள் மாறினார்கள், கணக்கு நிற்கவில்லை. 2020-ல் அது ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 1986-க்கும் 2018-க்கும் இடையில் பழுத்த பழம் கண்ணில் படும் வாய்ப்பு 81 சதவீதம் குறைந்திருந்தது. அதே காட்டு யானைகளின் புகைப்படங்களைப் பார்த்து உடல்நிலைக்கு மதிப்பெண் போட்டதில், 2008-லிருந்து 11 சதவீதம் சரிவு. பூங்காவுக்குள் ஒரு மரம்கூட வெட்டுப்படாமலே யானைக்குச் சாப்பாடு குறையலாம் என்று அதற்கு முன் யார் ஆதாரத்தோடு சொல்லியிருக்க முடியும்? ஐந்தாம் வருடத்திலோ பத்தாம் வருடத்திலோ அதை எழுத வழியே இல்லை. நடுநடுவே அவர்களும் சின்னச் சின்னக் கட்டுரைகள் எழுதினார்கள்தான். ஆனால் தொடரை விற்றுத் தீர்த்துவிடவில்லை. உன் மாணவிக்கு நான் சொல்ல வருவதும் அதுதான்.

இந்த ‘நம்பர்’ எப்படி வருகிறது என்று பதவி உயர்வு முடிவுசெய்யும் உன் கமிட்டியில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒருநாள் கேட்டுப் பார். அதன் பெயர் இம்பாக்ட் ஃபாக்டர். 2024-க்கான எண் வேண்டுமென்றால், 2022-லும் 2023-லும் ஒரு இதழில் வந்தவற்றை 2024-ல் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் சூத்திரம். யூஜீன் கார்ஃபீல்ட் 1955-ல் மேற்கோள் அட்டவணை, அதாவது எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்ற பட்டியல், என்ற யோசனையை முன்வைத்தார். எந்த இதழை அட்டவணையில் சேர்ப்பது என்று பார்க்கத்தான் இந்த வகுத்தல் வந்தது, நூலகங்களும் சந்தா முடிவுசெய்ய எடுத்துக்கொண்டன. அது எப்போது ஆளை எடைபோடும் தராசானது என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

எனக்கு உறுத்துவது அந்த இரண்டு வருடம்தான். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டில் விரல் பருமன் தண்டு முதல் எல்லாவற்றுக்கும் எண் கட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் ஆரம்பித்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தண்டுகள், சுமார் 300 இனங்கள். மரத்துக்கு ஐந்து வருடம், மரத்தை அளந்தவனுக்கு இரண்டு வருடம். மூலக்கூறு உயிரியலில் ஒரு கட்டுரை வந்தால் அடுத்த மாதமே இன்னொரு லேப்பில் சோதித்துவிடலாம். நாம் ஒன்றைப் படித்து, அடுத்த மழைக்குக் காத்திருந்து, களத்தில் சரிபார்த்து, எழுதி, ரிவ்யூவரோடு மல்லுக்கட்டி, அச்சில் ஏற்றும்போது அந்த இரண்டு வருட ஜன்னல் எப்போதோ மூடியிருக்கும். நம் துறை இதழ்களின் நம்பர் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம், தரம் வேறு விஷயம்.

பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் கட்டுரையை எடுத்துக்கொள். பனாமாவில் ஒரே இனத்து மரங்கள் 19, அவற்றின் உச்சியில் பூச்சிமருந்துப் புகையடித்து, விழுந்த வண்டுகளைப் பிரித்தால் சுமார் 1,200 இனம். அதில் அந்த மரத்தை மட்டுமே நம்பியிருப்பவை 163 என்று ஒரு மதிப்பீடு. அதை வெப்பமண்டலத்தில் 50,000 மர இனங்கள் என்ற கணக்கோடு பெருக்கி, வண்டுகளிலிருந்து பூச்சி, சிலந்தி போன்ற மற்றக் கணுக்காலிகளுக்கும் விரித்து, மூன்று கோடி இனங்கள் என்று முடித்தார். 1982, வண்டு ஆர்வலர்கள் படிக்கும் ஒரு சின்ன இதழ், மொத்தமே இரண்டு பக்கம்! பல்லுயிர்ப் பெருக்கம் பற்றிய பேச்சையே அந்த இரண்டு பக்கம் புரட்டிப்போட்டது. இன்றைக்கு ஒரு இளைஞன் அதைப் பதவி உயர்வுக்குக் கொண்டுபோனால் எத்தனை பாயிண்ட் தேறும் என்று உன் கமிட்டியில் கேட்காதே, வம்பு.

எர்வின் தப்பு என்பதும் அப்புறம் தெரிந்தது. வோய்டெக் நோவோட்னி குழு பப்புவா நியூ கினியில் இலைதின்னும் பூச்சிகளை மரம் மரமாக வளர்த்துப் பார்த்து, அவை அவ்வளவு மரப் பிடிவாதம் உள்ளவை இல்லை என்று காட்டியது. 2002-ல் அவர்கள் சொன்ன எண் 40 முதல் 60 லட்சம். தப்பான விடை இருபது வருடம் ஆட்களைக் காட்டுக்குள் அனுப்பியதே, அந்தத் தாக்கத்தை எந்தக் குறியீட்டில் எழுதுவது? இன்னொன்றும் இருக்கிறது. அங்கே பூச்சி பிடித்து, வளர்த்து, வகை பிரித்த உள்ளூர் ஆட்களின் பெயர்கள் அந்தக் குழுவின் கட்டுரைகளில் ஆசிரியர்களாக வருகின்றன. நம் ஆட்கள் பலர் ‘நன்றி’ பகுதியில் ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் நடுவில் முடிந்துபோகிறார்கள். நாமே எத்தனை பேரை அப்படி முடித்திருக்கிறோம் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வகைப்பாட்டியல்காரர்கள் பாடு இன்னும் மோசம். ஒரு தவளைக்குப் பெயர் வைத்தவரின் பெயரை எல்லோரும் தவளையோடு சேர்த்து எழுதுவார்கள், கட்டுரையை மட்டும் மேற்கோள் பட்டியலில் போடமாட்டார்கள். 2020-ல் ‘ஜூடாக்ஸா’ இதழைத் தன்மேற்கோள் (தன் கட்டுரைகளையே காட்டுவது) அதிகம் என்று இம்பாக்ட் ஃபாக்டர் பட்டியலிலிருந்து தூக்கினார்களே, நினைவிருக்கிறதா? புதிதாகப் பெயர் பெறும் விலங்கினங்களில் கணிசமானவை அறிவிக்கப்படுவது அந்த ஒரே இதழில். பல்லி பற்றி எழுதுகிறவன் முந்தைய பல்லிக் கட்டுரைகளைத்தானே காட்டுவான், அவை எல்லாம் அங்கேயே இருந்தால் அவன் என்ன செய்வான்? உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கத்திய பிறகு சில வாரத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது எல்லோரும் எங்கே ஓடுகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். மேலே. செயற்கைக்கோள், லேசர், ட்ரோன். விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கேமரா டிராப், ஒலிப்பதிவுப் பெட்டி, உயிரினங்கள் தண்ணீரில் விட்டுப்போகும் டிஎன்ஏ எல்லாம் பழைய செய்தியாகிவிட்டன. நான் குறை சொல்லவில்லை. 2013-ல் ஹான்சென் குழு உலகம் முழுக்கக் காடு எங்கே போனது, எங்கே வந்தது என்று 30 மீட்டர் துல்லியத்தில் வரைபடம் போட்டபோது வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன். 2018 கடைசியில் விண்வெளி நிலையத்துக்குப் போன கெடி லேசர் கருவி காட்டின் உயரத்தை மேலிருந்தே அளந்துவிடுகிறது. ஆனால் அது பார்ப்பது உயரத்தை. அந்த உயரத்தில் எவ்வளவு கார்பன் என்று சொல்ல, கீழே யாராவது அட்டைப்பூச்சியை உதறிக்கொண்டு மரத்தைச் சுற்றி டேப் பிடித்திருக்க வேண்டும். அந்த டேப்பின் எண்கள் இலவசமாகக் கிடைக்கும் என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டேட்டாவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டேப் பிடித்தவனின் சம்பளத்தையும் சேர்த்துப் பேசுங்கள் என்கிறேன்.

டேப் என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கதை இருக்கிறது. போன மாதம், மரங்களுக்கு எண் கட்டி நாம் அளந்த பழைய காட்டுப் பிளாட்டின் எண்களைக் கணினியில் ஏற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 2417-ஆம் மரம். நீ அளந்த வருடம் விட்டம் 112 சென்டிமீட்டர். அடுத்த கணக்கில் 97. ஐந்து வருடத்தில் 15 சென்டிமீட்டர் இளைத்த மரம்! வறட்சிக் காலத்தில் மரம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் சுருங்குவது உண்டு, ஆனால் இது பட்டினி கிடந்த யானை மாதிரி. யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. அந்த மரத்துக்குப் பலகை வேர், அடிமரத்திலிருந்து பலகை மாதிரி விரிவது. மார்பு உயரமான 1.3 மீட்டரில் டேப் சுற்றினால் வேரையும் சேர்த்துத்தான் சுற்றும், அதனால் ஏணி வைத்து, வேர் முடிகிற இடத்துக்கு மேலே பெயிண்ட் கோடு போட்டு அளக்க வேண்டும். உனக்குப் பிறகு வந்தவன் ஏணி கொண்டுபோயிருக்கிறான். நீ கொண்டுபோகவில்லை என்பது என் ஊகம். அன்றைக்கு மழை, உனக்கு அவசரம், எனக்குக் காய்ச்சல். கார்பன் கணக்கில் அந்த ஒரு மரம் சின்னச் சின்ன மரங்கள் நூறு வளர்ந்ததைத் தின்றுவிடும்.

மாணவிக்குத் திரும்புகிறேன். அவளுக்கு வேலை வேண்டும், அது நமக்குப் புரிகிறது. கொள்கையை வைத்து அவள் வீட்டு வாடகை கட்ட முடியாது. அதனால் ஒரு நல்ல கட்டுரை, ஒன்றே ஒன்று, இப்போதே வரட்டும். இடத்தில் ஆரம்பிக்காமல் கேள்வியில் ஆரம்பிக்கச் சொல். எந்தக் காடு என்பது மூன்றாம் பத்தியில் வந்தால் போதும். ‘பயோட்ராபிகா’, ‘ஜர்னல் ஆஃப் ட்ராபிகல் எக்காலஜி’ மாதிரி இதழ்களைக் கீழாக நினைக்க வேண்டாம், இந்தக் காடுகளைப் பார்த்தவர்கள்தான் அங்கே ரிவ்யூ செய்கிறார்கள், அதுவே பாதி நியாயம். அதோடு ஒன்பது வருடக் கணக்கை முழுசாக, எப்படி எண்ணினோம் என்ற விவரத்தோடு, டேட்டா கட்டுரையாக, அதாவது முடிவுகள் இல்லாமல் தரவை மட்டும் விவரிக்கும் கட்டுரையாக, பதிவுசெய்துவிடட்டும். அதில் உன் மரமேறியின் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்க வேண்டும், நான் பார்ப்பேன். பத்தாம் வருடக் கணக்கை நிறுத்தாதே.

ஆங்கிலத்தைப் பற்றி அவள் கவலைப்படுகிறாள் என்றாய். படட்டும், அது வீண் கவலை இல்லை. 2023-ல் தட்சுயா அமானோ குழு எட்டு நாடுகளில் 908 சூழலியல் ஆய்வாளர்களைக் கேட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களின் கட்டுரைகள் மொழிக் குறையால் மட்டும் நிராகரிக்கப்படுவது சுமார் இரண்டரை மடங்கு அதிகம். எனக்கு அனுப்பச் சொல், நான் ஒரு வாசிப்பு பார்க்கிறேன். எங்கே அனுப்பினாலும் கட்டணப் பக்கத்தை முதலில் படிக்கச் சொல். ‘நேச்சர்’ 2020-ல் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்க விடுவதற்கு, ஆசிரியர்களிடம் கேட்பதாக அறிவித்த தொகை 9,500 யூரோ. விலக்கு என்பது பெரும்பாலும் மிக ஏழை நாடுகளுக்குத்தான். பிரேசில், மலேசியா மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் காடு இருக்கும், காசு இருக்காது. பணம் வாங்காமல் திறந்து வைக்கிற இதழ்களும் இருக்கின்றன, தேட வேண்டும்.

முழங்கால் இப்போது தேவலை. ஏணி ஏறச் சொல்லாதே, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேலை. உன்னிடம் அந்தப் பச்சை அட்டை போட்ட கள நோட்டு இன்னும் இருக்கும், நீ எதையும் தூக்கிப்போடுகிறவன் இல்லை. பென்சிலில் எழுதியதால் மழையில் நனைந்திருந்தாலும் படிக்க வரும். 2417-க்கு எதிரே எந்த உயரத்தில் அளந்தாய் என்று குறித்திருக்கிறாயா பார். 1.3 என்று இருந்தால் அந்த வருட எண்ணைத் தள்ளிவிடலாம். ஏணி வைத்துத்தான் அளந்தேன் என்று இருந்தால், உன்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, 97 எழுதியவனைத் தேட வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய டேப் பிடித்தவன்