பூச்சிக்கான அளவு அழுகலைத் தடுக்காது: பழக் கதிர்வீச்சு நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழங்களுக்குக் கதிர்வீச்சுப் பதனம் செய்யும் நிலையங்களை நடத்துவோருக்கும், அவற்றுக்கு விதிமுறை வகுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கதிர்வீச்சு செய்த பழம் எளிதில் அழுகாது என்ற எண்ணம் பழ வணிகர் பலரிடம் இருக்கிறது. அந்த எண்ணத்தை நீங்கள் உருவாக்கவில்லை. ஆனால் திருத்தவும் இல்லை. அதைத் திருத்தும் பொறுப்பு உங்களுடையது என்பதைச் சொல்லவே இம்மடல்.

இன்று வெப்பமண்டலப் பழங்களுக்குக் கொடுக்கப்படும் கதிர்வீச்சு பெரும்பாலும் பூச்சிகளை முன்னிட்டது. பழ ஈக்களுக்கு 150 கிரே போதும் (கிரே என்பது பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு; ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே). வேறு பல பூச்சிகளுக்கு 400 கிரே வரை கொடுக்கிறார்கள். இந்த அளவு பூச்சியை அப்போதே கொல்ல வேண்டும் என்பதில்லை, அது இனம் பெருக்காமல் செய்தால் போதும். பூஞ்சைகளின் கணக்கு வேறு. அழுகலை உண்டாக்கும் பூஞ்சைகள் பலவற்றைச் செயலிழக்கச் செய்ய 1.5 முதல் 2 கிலோகிரே, சிலவற்றுக்கு அதற்கும் மேல் தேவைப்படும். ஆல்டர்னேரியா போன்ற பூஞ்சைகளின் வித்து பல செல்களால் ஆனது. அவற்றில் ஒரு செல் பிழைத்தாலும் வித்து முளைத்துவிடும். பழத்தின் மேல் எத்தனை வித்துகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தும் தேவையான அளவு கூடும். ஆகவே தோட்டத்தில் நோய் மிகுந்திருந்த பழத்துக்கும் தூய்மையான பழத்துக்கும் ஒரே அளவு ஒரே பலனைத் தராது.

இருந்தும் இம்முறையை நான் மதிப்பதற்குக் காரணம் ஆந்த்ராக்னோஸ் என்னும் கரும்புள்ளி அழுகல் நோயின் இயல்பு. மா, பப்பாளி, வாழை ஆகியவற்றில் இந்நோயை உண்டாக்கும் கொலெட்டோட்ரைக்கம் பூஞ்சை, காய் மரத்தில் இருக்கும்போதே மழைத்துளியோடு வந்து தோலில் ஒட்டிக்கொள்கிறது. முளைத்து, பற்றுறுப்பு ஒன்றை உருவாக்கி, தோலின் மெழுகுப் படலத்தைத் துளைத்து, அங்கேயே உறங்கிவிடுகிறது. காயின் தோலில் உள்ள பூஞ்சை எதிர்ப்புப் பொருள்கள் பழுக்கும்போது குறைய, அது விழித்துக்கொள்கிறது. தரம் பிரிக்கும் மேசையில் குற்றமற்றதாகத் தெரிந்த காய் சில நாள்களில் கரும்புள்ளிகளோடு நிற்பது இதனால்தான். காம்பழுகலை உண்டாக்கும் லாசியோடிப்ளோடியா பூஞ்சையும் காம்பின் திசுக்குள்ளேயே காத்திருக்கும். மேலே தடவும் மருந்து எளிதில் எட்டாத இவ்விடங்களைக் காமாக் கதிர் பெட்டியைத் திறக்காமலேயே எட்டுகிறது.

ஆனால் பழமும் உயிருள்ள திசு. 1 கிலோகிரேயைத் தாண்டும்போது வெப்பமண்டலப் பழங்கள் பலவற்றின் தோல் பழுப்பேறும், குழி விழும்; செல்களைப் பிணைத்து வைக்கும் பெக்டின் சிதைந்து சதை தளரும். (ஸ்ட்ராபெரி ஏறத்தாழ 2 கிலோகிரே வரை தாங்குவதைக் காட்டி மாம்பழத்துக்கும் வாதாடுவோர் உண்டு, அது வேறு பழம்.) புண்பட்ட தோல் புதிய பூஞ்சைகளுக்கு வாசலாகிறது. கதிர்வீச்சு எச்சம் எதையும் விட்டுச்செல்லாது என்பதால், பின்னர் வந்து ஒட்டும் வித்தைத் தடுக்க அங்கே எதுவும் இராது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1986இல் புதிய பழங்களுக்கு அனுமதித்த உச்ச அளவும் 1 கிலோகிரேதான். பூஞ்சைக்கு வேண்டிய அளவு பழம் தாங்கும் எல்லைக்கு வெளியே கிடக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்க நமக்குத் தெரிந்த நல்ல வழி வெந்நீர். மாங்காயை 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 5 முதல் 10 நிமிடம் அமிழ்த்தினால் தோலில் உள்ள பூஞ்சை வலுவிழக்கிறது. அதன்பின் 1 கிலோகிரேக்குக் குறைவான கதிர்வீச்சே, இரண்டையும் தனித்தனியாகச் செய்வதைவிட நல்ல பலன் தரும். கதிர்வீச்சை மட்டும் குறைந்த அளவில் கொடுக்கும்போது பல நேரம் நடப்பது வேறு: பழுக்காத காய் மெதுவாகப் பழுக்கிறது, அதனால் அழுகலும் தாமதமாகத் தலைகாட்டுகிறது. பூஞ்சை சாகவில்லை. இத்தாமதத்தைக் குணமாக எண்ணி நீண்ட பயணத்துக்கு அனுப்பப்பட்ட பெட்டிகளின் கதி உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு சிறு கணக்கையும் உங்கள் முன் வைக்கிறேன். கதிர்வீச்சுக்கு வைக்கும் பெட்டி அடுக்கின் வெளிப்புறத்தில் உள்ள பழம் நடுவில் உள்ளதைவிட இருமடங்கு கதிரைப் பெறுவது புதுமையன்று. நடுவில் 400 கிரே சேர வேண்டுமென்றால் ஓரத்துக்கு 800 கிரே. பூச்சிக்கு இது பொருந்தும். அழுகலுக்காக நடுவில் 750 கிரே வேண்டுமென்றால் ஓரப் பழத்துக்கு 1.5 கிலோகிரே போய்விடும். அடுக்கை மெலிதாக்காமலோ திருப்பித் திருப்பிக் காட்டாமலோ அளவை மட்டும் உயர்த்துவது ஓரப் பெட்டிகளைப் பலிகொடுப்பதாகும். எலக்ட்ரான் கற்றை சில சென்டிமீட்டர் ஆழமே பாயும். அதைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

உண்போரின் அச்சம் பற்றி இங்கே வாதிடப் போவதில்லை. 10 கிலோகிரே வரை நச்சு அபாயம் இல்லை என்று உணவு வேளாண் நிறுவனம், அணுசக்தி முகமை, உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு 1980இலேயே கூறிவிட்டது. பழம் கதிரியக்கம் பெறுவதும் இல்லை.

நான் கேட்பது இவ்வளவே. ஒவ்வொரு சரக்குக்கும் நீங்கள் தரும் சான்றிதழில், பழம் பெற்ற குறைந்தபட்ச அளவையும் அதிகபட்ச அளவையும் அளவுமானி காட்டியபடியே எழுதுங்கள். எந்த நோக்கத்துக்காகக் கதிர்வீச்சு செய்யப்பட்டது என்பதைத் தனி வரியில் குறிப்பிடுங்கள். பூச்சிக்காக மட்டும் எனில், ‘அழுகல் தடுப்புக்கு அன்று’ என்று அதே வரியில் சேர்த்துவிடுங்கள். வெந்நீர் சிகிச்சைக்கான தொட்டி இல்லாத நிலையம் அழுகல் தடுப்பு என்ற பெயரில் கட்டணம் பெறக் கூடாது என்று விதி வகுப்போர் எழுதிவைக்க வேண்டும். அடுத்த அறுவடைப் பருவம் தொடங்குமுன் இம்மாற்றங்கள் சான்றிதழ்ப் படிவத்தில் இடம்பெற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறுவடைக்குப் பிந்தைய பழ நோய்களைக் கவனித்துவரும் ஒருவன்