ஸ்டெப்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விற்ற பெரிய டயர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: தவறான தகவல் சொல்லி விற்ற 285/65 ஆர்18 டயர்களைத் திரும்பப் பெறக் கோருதல்

ஐயா,

கொல்லிமலையில் எனக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. வாரம் இரண்டு முறை 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அப்புறம் மண் பாதையில் போக வேண்டும். என் ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டியோடு வந்த டயர் 255/65 ஆர்18, அதாவது 255 மில்லிமீட்டர் அகலம். போன மாதம் டயர் மாற்ற உங்கள் கிளைக்கு வந்தபோது, "285 போடுங்க சார், வண்டி 4 சென்டிமீட்டர் உயரும், மைலேஜ் துளியும் குறையாது" என்றார் உங்கள் ஊழியர். நம்பி நான்கு டயர் வாங்கினேன்.

விட்டம் 789 மில்லிமீட்டரிலிருந்து 828 ஆனது உண்மைதான். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 2 சென்டிமீட்டர்கூட இல்லை. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி மீட்டர்படி இப்போது 10 கொடுக்கிறது. பெரிய டயர் ஒரு சுற்றுக்கு 5 சதவீதம் கூடுதலாக ஓடுவதால் மீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும். அதைச் சேர்த்தாலும் 10.5தான். இரண்டாவது கியரில் ஏறிய வளைவுகளில் இப்போது முதல் கியர் கேட்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்பக்க பிளாஸ்டிக்கில் உரசி, கறுப்புத் தூளாகக் கொட்டுகிறது.

சேற்றில் பிடிப்பு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது டயரின் மேல்பரப்பில் உள்ள ஆழமான ரப்பர் பட்டன்களால் கிடைப்பது. அதே பட்டன் மாடல் என் பழைய அளவிலும் உங்களிடமே இருக்கிறது. அதை ஏன் காட்டவில்லை?

போன வாரம் மழையில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி பழைய 255. அளவு மாறிய டயரோடு ஃபோர் வீல் போட்டால் கியர்பாக்ஸுக்கும் ஆக்ஸிலுக்கும் கேடு என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். அதனால் ஃபோர் வீல் போடவில்லை. முட்டளவு சேற்றில் மனைவியோடு இரண்டு மணி நேரம் நின்றேன். கடைசியில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்தது. ஐந்தாவது டயரும் வேண்டும் என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

நான்கு டயர்களையும் எடுத்துக்கொண்டு, ஓடிய 1,800 கிலோமீட்டருக்கு நியாயமான தொகையைக் கழித்து, 255/65 ஆர்18 பட்டன் டயர்களை மாட்டிக் கொடுங்கள். உரசிய பிளாஸ்டிக்கையும் மாற்றித் தர வேண்டும். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில் நகலும் உரசிய இடத்தின் படங்களும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்